ஹேர் எக்ஸ்டென்ஷனும் ஸ்டைலிஸ்ட் தொழிலும்: புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் என்னிடம் முடி அலங்காரத்துக்கு வருகிறவர்களும், தொழில் கற்றுக்கொள்ள வரும் பெண்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு விளக்குவதைப் போலவே பதில்களை எழுதியிருக்கிறேன். முதல் பாதி எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த முடியோடு சேர்த்துப் பொருத்தும் ஒட்டுமுடி, வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும், பிற்பாதி இதைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கும் உரியது. ஆனால் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் பாதியைத் தாண்டிச் செல்லக் கூடாது.

எக்ஸ்டென்ஷன்னா நம்ம சவுரி முடிதானே அக்கா? இதுல புதுசா என்ன இருக்கு?

அடிப்படை ஒன்றுதான். தலைசீவும்போது உதிரும் சிக்குமுடியைச் சேர்த்துவைத்துச் சவுரி கட்டி, பின்னலோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உள்ளது. பின்னலுக்கு நீளமும் பருமனும் தருவதற்குச் சவுரி போதும். முடியைப் பின்னாமல் விரித்துவிட வேண்டும், காற்றில் அசைந்தாலும் ஒட்டு தெரியக் கூடாது என்னும்போதுதான் எக்ஸ்டென்ஷன் தேவைப்படுகிறது. அதனால்தான் அதை ஒரே கொத்தாக இல்லாமல், தலை முழுவதும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பொருத்துகிறோம்.

எத்தனை வகை இருக்கு? எனக்கு எது சரிவரும்?

கிளிப் வகை காலையில் மாட்டி இரவில் கழற்றக்கூடியது. டேப் வகையில், ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பட்டைகளுக்கு நடுவே உங்கள் முடியின் மெல்லிய கீற்று ஒன்று ஒட்டப்படும். ரிங் வகையில் சிறு உலோக வளையத்துக்குள் உங்கள் முடியையும் ஒட்டுமுடியையும் கோத்து இடுக்கியால் அழுத்துவோம். கெரட்டின் பாண்ட் என்பது ஒட்டுமுடியின் நுனியிலுள்ள பசையைச் சூட்டில் உருக்கிச் சுருட்டி ஒட்டுவது. இவை தவிர, முடியைத் தைத்த நீண்ட நாடாவைத் தலையில் பின்னிய வரிசையின்மேல் தைத்துவிடும் வெஃப்ட் முறையும் உண்டு.

டேப், ரிங் இரண்டையும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கழற்றி மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். கெரட்டின் பாண்ட் மூன்று முதல் நான்கு மாதம் இருக்கும். அதற்குமேல் விட்டுவைக்கக் கூடாது. தலைமுடி மாதத்துக்கு ஒன்றே கால் சென்டிமீட்டர் அளவுக்கு வளர்வதால், எட்டு வாரத்தில் ஒட்டிய இடம் வேரைவிட்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கீழிறங்கிவிடும். அப்போது அது முறுக்கிக்கொள்ளவும் அருகிலுள்ள முடியோடு சிக்கிக்கொள்ளவும் தொடங்கும். கெடு தேதியை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எது பொருந்தும் என்பதை உங்கள் முடியின் பருமன், வேலை, குளிக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்யும். மெல்லிய முடிக்கு, எடை பரவலாக விழும் டேப் ஏற்றது. நாள்தோறும் ஹெல்மெட் அணிந்து கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே வண்டி ஓட்டுபவருக்கு உச்சந்தலைக்கு அருகில் எதையும் வைக்கக் கூடாது. காதுக்கு மேலுள்ள கோட்டுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவருக்குக் கிளிப்பைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

இந்த முடியெல்லாம் எங்கிருந்து வருது? யாரோ மொட்டை போட்டதை நாம வச்சுக்கலாமா?

இந்திய முடியில் பெரும்பகுதி கோயில்களில் காணிக்கையாகச் செலுத்தப்படுவது. திருமலையில் பக்தர்கள் அளிக்கும் முடியை நீளவாரியாகத் தரம்பிரித்து, தேவஸ்தானம் இணையவழி ஏலத்தில் விற்கிறது. பழனி போன்ற தலங்களிலும் முடி காணிக்கை உண்டு. நம் பக்கத்தில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் மொட்டை போட்டுக்கொள்ளாத குடும்பங்கள் குறைவு. இன்னொரு பகுதி, தெருவில் பாத்திரத்துக்கும் பின்னூசிக்கும் மாற்றாக வாங்கப்படும் சிக்குமுடி.

சுத்தத்தைப் பற்றிய கவலை தேவையில்லை. முடியைப் பிரித்து, சீவி, பலமுறை கழுவி, கிருமி நீக்கிய பிறகே தைக்கிறார்கள். மனம் ஒப்புமா என்பது வேறு கேள்வி. அதில் யாரையும் வற்புறுத்தக் கூடாது. 2004ஆம் ஆண்டில், வேறு சமய வழிபாட்டில் செலுத்தியது என்ற காரணத்தால், கோயில் காணிக்கை முடியில் செய்த விக்கை அணியக் கூடாது என்று யூத சமயப் பெரியவர்கள் சிலர் தீர்ப்பளித்ததும் உண்டு. உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் செயற்கை இழையில் நல்ல கிளிப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் சாதாரண ரகத்தின்மேல் சூடான கருவி படக் கூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கடையில எல்லாமே 'ரெமி'ன்னு சொல்றாங்க. எப்படி நம்புறது?

ஒவ்வொரு முடியின்மேலும் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கிய நுண்ணிய செதில்கள் உள்ளன. எல்லா முடியின் வேர்ப்பக்கமும் ஒரே திசையில் இருக்குமாறு அடுக்கியதே ரெமி. சிக்குமுடியில் வேரும் நுனியும் கலந்துவிடுவதால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அதைத் தவிர்க்க அந்த முடியை அமிலத்தில் நனைத்துச் செதிலை உரித்து, சிலிக்கோன் பூசி விற்கிறார்கள். வாங்கும்போது கண்ணாடிபோல் மின்னும் அந்த முடி, பூச்சு கழுவப்பட்டதும் சடைபிடித்துவிடும்.

சோதிக்க எளிய வழி உள்ளது. சில இழைகளைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு ஒருமுறையும் நுனியிலிருந்து வேருக்கு ஒருமுறையும் வருடிப் பாருங்கள். கீழ்நோக்கி வழுக்கியும் மேல்நோக்கிச் சற்றுச் சொரசொரப்பாகவும் இருந்தால் செதில் உள்ளது, திசையும் சரியாக உள்ளது. இரு பக்கமும் ஒரேபோல் வழுக்கினால் பூச்சு என்று சந்தேகியுங்கள். ஒரு கொத்தை ஷாம்பு போட்டுக் கழுவி உலர்த்தி மீண்டும் வருடுங்கள். செயற்கை இழை கலந்திருக்கிறதா என்று அறிய ஓரிரு இழைகளைப் பாதுகாப்பாக எரித்துப் பார்க்கலாம். மனித முடி கருகல் நாற்றத்துடன் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கடினமான உருண்டையாகும்.

எவ்வளவு முடி வாங்கணும்? நீளமா வாங்கிட்டா போதாதா?

நீளத்தைவிட எடையே முக்கியம். தோளுக்குச் சற்றுக் கீழே வரை வேண்டுமானால் 100 கிராம் அளவில் முடிந்துவிடும்; இடுப்பு வரை என்றால் 150 முதல் 200 கிராம் வரை தேவைப்படும். குறைந்த எடையில் நீண்ட முடியை வாங்கினால் நுனி எலிவாலாகத் தெரியும். டேப்பில் 100 கிராம் என்பது ஏறக்குறைய 40 பட்டைகள், அதாவது 20 இணைகள்.

டேப் போட்டுட்டு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமா?

கூடாது. டேப்பின் பசையை எண்ணெய் கரைத்துவிடும். டேப்பைக் கழற்றப் பயன்படும் திரவங்களிலேயே ஒரு வகை எண்ணெய் சார்ந்தது. ரிங் வழுக்கி இறங்கும். கெரட்டின் பாண்டும் இளகக்கூடும். பொருத்திய முதல் 48 மணி நேரம் தண்ணீரே படக் கூடாது. அதன் பிறகு, ஒட்டிய இடத்திலிருந்து ஒரு சாண் கீழே தள்ளி, நீளத்திலும் நுனியிலும் மட்டும் சில துளி எண்ணெய் தடவலாம். சீயக்காய்த் தூளின் துகள்கள் ஒட்டுகளுக்கிடையே தங்கிவிடும் என்பதால் சல்ஃபேட் இல்லாத ஷாம்புவே ஏற்றது.

எண்ணெய்க் குளியலை விட முடியாது என்று சொல்பவர்களை நான் மாற்ற முயல்வதில்லை. தலைமுறைகளாக வரும் வழக்கத்தை எட்டு வார ஒட்டுக்காக விடச் சொல்வது நியாயமும் இல்லை. முன்பு சொன்னபடி அவர்களுக்குக் கிளிப் இருக்கிறது.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. அதோட பீச்சுக்கும் போவோம். ஒண்ணும் ஆகாதா?

நம் கரையோரத்தில் இது உண்மையான சிக்கல். ஒட்டுமுடிக்கு வேரிலிருந்து இயற்கை எண்ணெய்ப்பசை வராது. அதனால் கடின நீரின் உப்பும் சுண்ணாம்பும் படிந்ததும் உங்கள் முடியைவிட அது விரைவில் வறண்டுவிடும். கடைசியாக ஒரு குவளை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி அலசுவது நல்ல பலன் தரும். கண்டிஷனரை நீளத்தில் மட்டும் தடவுங்கள், ஒட்டில் படவிடாதீர்கள்.

சில்வர் பீச்சிலோ பாரடைஸ் கடற்கரையிலோ நீரில் இறங்குவதானால் முடியை நல்ல தண்ணீரில் நனைத்து, இறுகப் பின்னிக்கொண்டு இறங்குங்கள். வெளியே வந்ததும் அலசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் முடி உலர நெடுநேரமாகும். ஈரத் தலையோடு படுத்தால் பிடரிப் பக்கம் ஒரே இரவில் சடைபிடிக்கும். வேர்ப்பகுதியை மட்டுமாவது டிரையரின் மிதமான காற்றில் உலர்த்தி, தளர்வாகப் பின்னிக்கொண்டு தூங்குங்கள்.

என் சொந்த முடி கொட்டிடுமா? உண்மையைச் சொல்லுங்க.

சரியாகப் பொருத்தி, காலத்தில் கழற்றினால் கொட்டாது. தவறாகப் பொருத்தினால் நிரந்தர வழுக்கை வரை போகும். நீண்ட நாள் இழுவையால் வேர் பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் தனி நோயாகவே கருதுகிறார்கள். தொடக்கத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்து வேரில் தழும்பு விழுந்துவிட்டால் வளராது. தலையைத் திருப்பும்போது சுள்ளென்ற வலி, ஒட்டைச் சுற்றிச் சிறு கொப்புளம், நெற்றியோரத்தில் உடைந்த குட்டை முடி ஆகியவை தொடக்க அறிகுறிகள். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலித்தால் உடனே கழற்ற வேண்டும்.

பொருத்தும் கையில்தான் எல்லாம் இருக்கிறது. டேப்புக்கு வால்சீப்பின் நுனியால் ஒரு கோடு கிழித்து முடியைக் கீற்றாக எடுக்கும்போது, அதன் பின்னால் விரலை வைத்தால் விரல் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குத் தடித்தால் இரு பட்டைகளும் ஒன்றையொன்று தொடாமல் நழுவும். மிக மெலிந்தால் அந்தச் சில இழைகளே முழு எடையையும் சுமக்கும். தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, முடி இயல்பாக விழும் திசையிலேயே ஒட்ட வேண்டும். நெற்றியோரத்திலும் பிடரியின் அடிவிளிம்பிலும் ஒட்டவே கூடாது.

கழட்டினப்போ கொத்துக் கொத்தா முடி வந்துச்சு. அப்போ கொட்டிடுச்சுன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. எல்லோருக்கும் நாள்தோறும் 50 முதல் 100 முடி உதிரும். எக்ஸ்டென்ஷன் இருக்கும்போது, ஒட்டுக்குள் அகப்பட்ட பகுதியில் உதிர்ந்த முடி கீழே விழ வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. எட்டு வாரம் தங்கியது ஒரே நாளில் கையில் வரும்போது அச்சமாகத்தான் இருக்கும். வந்த முடியின் நுனியைப் பாருங்கள்: சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்தது, குமிழ் இல்லாமல் நடுவே அறுந்திருந்தால், பொருத்தியதிலோ கழற்றியதிலோ தவறு நடந்திருக்கிறது. வீட்டில் பிய்த்து இழுப்பவர்களுக்கு இரண்டாவது வகைதான் வரும்.

கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள். பர்மனென்ட்டா போட்டுடலாமா?

வேண்டாம். முகூர்த்தத்துக்கு ஜடை, வரவேற்புக்கு விரித்த முடி என்றால் முதலாவதற்குச் சவுரியும் இரண்டாவதற்குக் கிளிப்பும் போதும். பூ ஜடையும் ஜடைநாகமும் குஞ்சலமும் சேர்ந்தால் கணிசமான எடை. அதை டேப் தாங்காது, தாங்கும்படி இழுத்துக் கட்டினால் மணப்பெண் தலைவலியோடு மணையில் உட்கார வேண்டியிருக்கும். சவுரியை மணப்பெண்ணின் சொந்தப் பின்னலுக்குள் இறுக்கி, ஊசிகளைக் குறுக்காகச் செருகினால் எடை பின்னலில் இறங்கும். திருவந்திபுரத்தில் விடியற்காலை முகூர்த்தம் என்றால், அங்குள்ள கூட்டத்தில் அலங்காரத்தைச் சரிசெய்ய இடமே கிடைக்காது. எனவே ஒத்திகையை முன்பே முடித்து, அதே ஜடையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டைலிஸ்ட் ஆக என்ன படிக்கணும் மேடம்? பத்தாவதுதான் முடிச்சிருக்கேன்.

பத்தாம் வகுப்பு போதும். ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுப் பிரிவு உள்ளது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மகளிர் ஐ.டி.ஐ.யில் இந்த ஆண்டு அது நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அழகுக்கலைக்கான தேசியத் திறன் குழுமத்தின் பாடத்திட்டத்தில் உதவி ஹேர் ஸ்டைலிஸ்ட், ஹேர் ஸ்டைலிஸ்ட் என்று படிநிலைகள் உள்ளன. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இத்தகைய பயிற்சிகள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் தேர்வு மட்டும் எழுதிச் சான்றிதழ் பெறவும் அதில் வழி உண்டு.

தனியார் அகாடமியில் சேருவதானால் சுவரிலுள்ள படங்களைப் பார்க்காதீர்கள். பொம்மைத் தலையில் மட்டும் பயிற்சியா, உயிருள்ள தலையிலும் உண்டா? உண்டென்றால் ஒரு மாணவிக்கு எத்தனை தலை? சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? பயிற்சிப் பொருளுக்குத் தனியே பணமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். ஒருநாள் எக்ஸ்டென்ஷன் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த நாளே மற்றொருவர் தலையில் கைவைப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

கோர்ஸ் முடிச்சும் சலூன்ல தலை அலசவும் பெருக்கவும்தான் விடுறாங்க. இதுக்கா படிச்சேன்?

தலை அலசும் வேலையைக் குறைவாக எண்ணாதீர்கள். எந்தத் தலையில் பொடுகு, எங்கே முடி மெலிந்துள்ளது, யாருக்குத் தலைத்தோல் தொட்டாலே வலிக்கிறது என்பதை விரல்கள் கற்றுக்கொள்ளும் இடம் அந்தத் தொட்டிதான். மேலே சொன்ன கீற்றெடுக்கும் பழக்கமும் அங்கிருந்தே வருகிறது. ஆனால் ஆறு மாதமாகியும் டிரையரைக்கூடக் கையில் தரவில்லை என்றால் பொறுமையாக இருக்கத் தேவையில்லை. சேரும்போதே, எந்த மாதத்தில் எந்த வேலையைக் கற்றுத் தருவார்கள், சம்பளம் எவ்வளவு, செய்யும் வேலைக்குச் சதவீதம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் மட்டும் நல்லா கத்துக்கிட்டு அதையே செய்யலாமா?

இந்த ஊர்களில் அது மட்டும் சோறு போடாது. அதோடு, வெட்டத் தெரியாதவர் எக்ஸ்டென்ஷனைப் பொருத்தவும் முடியாது. தோளளவு மட்டமாக வெட்டிய முடிக்குக் கீழே நீண்ட முடி தொங்கினால் படிக்கட்டுபோல் தெரியும். அந்த எல்லையைக் கத்தரியின் நுனியால் கலைத்து இழைய விடுவதுதான் வேலையின் பாதி. நிறம் பொருத்தவும் கலரிங் அறிவு வேண்டும். ஒட்டுமுடியை ஓரிரு படி கருமையாக்கலாம். வெளுக்க முயன்றால் ஏற்கெனவே பதப்படுத்திய முடி பஞ்சாகிவிடும். முதலில் கட், புளோ டிரை, கலர், பிறகு எக்ஸ்டென்ஷன் என்ற வரிசையில் வாருங்கள்.

வீட்ல 'முடி வெட்டுற வேலைக்கா போற'ன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்த சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர். அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். கத்தியும் கைப்பக்குவமும் நோயறிவும் சேர்ந்த தொழில் இது. அதைத் தாழ்வாகப் பேசும்போது நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

அம்மாவை ஒருநாள் வேலையிடத்துக்கு அழைத்து வாருங்கள். பெண்கள் மட்டும் வரும் இடமா, இரவு எத்தனை மணிக்கு மூடுவார்கள், வீடு திரும்பப் பேருந்து உண்டா என்பவையே பெரும்பாலான அம்மாக்களின் உண்மையான கவலைகள். நெல்லிக்குப்பத்திலிருந்தோ பாகூரிலிருந்தோ வந்துபோகும் பெண்ணுக்குக் கடைசிப் பேருந்து பெரிய விஷயம். நேரத்தை முதலாளியிடம் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணமே இல்ல. எப்படிச் சமாளிக்கிறது?

மணப்பெண் அலங்காரத்தை மட்டும் நம்பினால் சிரமம்தான். கட், கலர், முடிப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு மாதம் பார்ப்பதில்லை. எக்ஸ்டென்ஷனுக்கு எட்டு வாரத்துக்கொருமுறை மறுபொருத்தம் உள்ளதால் அந்த வருமானம் ஆடியிலும் வரும். மார்கழியில் புத்தாண்டுக்காகப் புதுச்சேரிக்குச் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள்; வெள்ளை நகரப் பகுதி விடுதிகளுக்கு அருகிலுள்ள நிலையங்களில் அது ஓய்வுக் காலமே அல்ல. கடலூரில் அந்த வாய்ப்பு குறைவு. அங்குள்ளவர்கள் தை, வைகாசி வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கத்தான் வேண்டும்.

சொந்தமா பார்லர் வைக்க என்னென்ன வேணும்?

உள்ளாட்சியின் தொழில் உரிமம் முதலில். புதுச்சேரியில் இடத்தைப் பொறுத்துப் புதுச்சேரி நகராட்சி அல்லது உழவர்கரை நகராட்சி; கடலூரில் மாநகராட்சி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களிலிருந்து விலகி நில்லுங்கள். சிறு தொழிலுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனுக்கு அழகு நிலையம் தகுதியுடைய தொழில். பிணையின்றி சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் கிடைக்கும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது; ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது என்பதால் விலைப்பட்டியலை அதற்கேற்பப் போடுங்கள்.

முடியை வாங்கிக் குவித்துவைக்காதீர்கள். நிற அட்டையை மட்டும் வைத்திருந்து, முன்பணம் பெற்றபின் வரவழைப்பதே நல்லது. பசை நீக்கும் திரவங்களின் ஆவி அடைத்த அறையில் தங்கும், எனவே ஏ.சி.யோடு, காற்றை வெளியேற்றும் மின்விசிறியும் கட்டாயம்.

பிரசவமாகி மூணு மாசம், முடி பயங்கரமா கொட்டுது. மறைக்க எக்ஸ்டென்ஷன் போடலாமா?

இப்போது வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் இப்படி உதிர்வது இயல்பு. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானே சீராகிவிடும். உதிரும் நிலையிலுள்ள முடியில் எடையைத் தொங்கவிட்டால், மேலே சொன்ன இழுவைப் பாதிப்பையும் சேர்த்து வரவழைப்பதாகும். வட்டமாகச் சொட்டை விழும் புழுவெட்டு, தலைத்தோல் புண், கீமோதெரபி ஆகியவற்றுக்கும் இதே பதில். கோரிமேடு ஜிப்மரிலோ உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ தோல் மருத்துவரைப் பார்த்த பிறகு வாருங்கள். அதுவரை முடி அடர்த்தியாகத் தெரியும்படி வெட்டிக்கொள்ளலாம்.

பெண் பார்க்க வராங்க, பொண்ணுக்கு முடி கம்மி, எவ்வளவு ஆனாலும் தரேன்னு ஒரு அம்மா கேட்டா என்ன செய்யணும்?

தொழிலில் இருக்கும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் கடினமானது இது. முதலில் அம்மாவைச் சற்று வெளியே உட்காரவைத்து, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அவளுக்கு விருப்பமில்லை என்றால் அங்கேயே முடிந்துவிட்டது. விருப்பம் உண்டென்றால் தலைத்தோலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய ஆனால் ஆரோக்கியமான முடி என்றால் இலேசான கிளிப் வைக்கலாம். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. நாம் அதில் தலையிடவும் கூடாது, வெளியே பேசவும் கூடாது.

உச்சியில் தோல் தெரிகிறது, இழுத்தால் முடி கையோடு வருகிறது என்றால் செய்ய மறுத்துவிடுங்கள். மறுக்கும்போது "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர்கள் அடுத்த தெருவிலுள்ள நிலையத்துக்குப் போவார்கள், அங்கே யாராவது ஒட்டிவிடுவார்கள். கண்ணாடியில் அந்த இடத்தைக் காட்டி, முன்பு விளக்கிய காரணத்தைச் சொல்லி, மருத்துவரிடம் போகச் சொல்லி, பெண் பார்க்கும் நாளுக்குச் செய்யக்கூடிய எளிய அலங்காரம் ஒன்றையும் காட்டுங்கள்: வகிடைச் சற்று மாற்றி, வேரில் டிரையரால் உயர்த்தி, தளர்ந்த பின்னலில் ஒரு முழம் மல்லிகை. யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். சிகிச்சை முடிந்து அவர் திரும்பி வரும்போது, அப்போதைய நிலையையும் இப்போதைய நிலையையும் ஒப்பிட அந்தக் குறிப்பு உதவும்.